தூசியை நிறுத்தால் போதுமா? எண்ண வேண்டாமா?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டி, கடைசியில் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் அதில் ஒரு கறுப்புக் கோடு விழும். "ஒரே தூசிப்பா" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உண்மையில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கைக்குட்டையில் ஒட்டிய தூசி துவைத்தால் போய்விடும். மூக்கில் நின்ற தூசி சிந்தினால் போய்விடும். கைக்குட்டையிலும் தெரியாமல், மூக்கிலும் நிற்காமல், நேராக நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும் தூசி ஒன்று இருக்கிறது. பிரச்சினை அதில்தான். அதை எப்படி அளப்பது, யார் அளப்பது, எந்தக் கணக்கில் அளப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பூசணிக்காயும் கடுகும்

கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. அது தரும் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல விஷயம். பாராட்ட வேண்டிய விஷயம்.

அங்கே பி.எம். 10, பி.எம். 2.5 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி. இரண்டாவது, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி. ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

இந்த இரண்டு எண்களும் எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்பதுதான் அளவு. 2009-ல் வந்த இந்தியத் தர அளவின்படி, பி.எம். 2.5 என்பது 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியில் 40 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது இதைவிட மிகக் கடுமை. அதன்படி 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. நம் வரம்புக்கும் அவர்கள் வரம்புக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித் தனியாக ஒரு சண்டை போடலாம். அது இன்னொரு நாளைக்கு.

எடைக் கணக்கில் என்ன கோளாறு? தராசில் ஒரு பக்கம் ஒரு கிலோ பூசணிக்காய், மறுபக்கம் ஒரு கிலோ கடுகு. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் குழந்தை காதிலும் மூக்கிலும் எது போய் மாட்டிக்கொள்ளும் என்று கேட்டால் எந்தப் பாட்டியும் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்.

கணக்காகவே பாருங்கள். 10 மைக்ரான் தூசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே எடைக்கு 0.1 மைக்ரான் தூசி எத்தனை வேண்டும்? குறுக்களவு நூறில் ஒரு பங்கு. எனவே கன அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரே ஒரு பெரிய தூசிக்குப் பதில் பத்து லட்சம் சின்னத் தூசி! அந்தப் பத்து லட்சத்தின் மொத்த மேற்பரப்பு, பெரிய தூசியின் மேற்பரப்பைப் போல நூறு மடங்கு. உடம்போடு உரசுவதும் வினைபுரிவதும் மேற்பரப்பில்தான் நடக்கிறது. தராசு இதில் எதையுமே சொல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 0.1 மைக்ரானுக்குக் கீழ் உள்ளவற்றை மீநுண் துகள்கள் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இவற்றுக்கு எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையில் ஒரு வழிகாட்டுதல் தந்தது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, 1,000 துகளுக்குக் கீழ் இருந்தால் குறைவு. 10,000-ஐத் தாண்டினால் அதிகம். சரி, 0.05 மைக்ரான் துகள்கள் ஒரு கன சென்டிமீட்டரில் 10,000 இருக்கின்றன, அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் மொத்த எடை எவ்வளவு வரும்? சுமார் ஒரு மைக்ரோகிராம். நம் வரம்பு 60!

அரை லிட்டர் காற்றை ஒரு மூச்சில் இழுக்கும் ஒருவர், அந்த ஒரு மூச்சிலேயே 50 லட்சம் துகள்களை உள்ளே அனுப்பியிருப்பார். எடைக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தில் அது "1" என்று பதிவாகும். கேட்டால் "எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

கார் ஹெட்லைட்டில் பிறந்த கருவி

ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? முடியும். ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த முறையின் பெயர் ஃப்ளோ சைட்டோமெட்ரி.

பெயர் மிரட்டினாலும் வேலை எளிமையானது. திருப்பதி மலையில் சாமி கும்பிடப் போகும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே தள்ளுமுள்ளு. கம்பி வரிசைக்குள் வந்ததும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். வாசலில் ஒரு ஆள் நின்றால் எத்தனை பேர், யார் உயரம், யார் குட்டை, யார் மஞ்சள் உடுத்தியிருக்கிறார் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளலாம். ஃப்ளோ சைட்டோமீட்டரிலும் இதுதான் நடக்கிறது. வேகமாக ஓடும் சுத்தமான திரவத்தின் நடுவே, மாதிரித் திரவத்தை மெல்லிய நூல் போல விடுகிறார்கள். சுற்றி ஓடும் திரவம் நெருக்குவதால் உள்ளே இருக்கும் அணுக்கள் வரிசையில் வருகின்றன. வழியில் ஒரு லேசர் கதிர். ஒவ்வொன்றும் கதிரைக் கடக்கும்போது ஒளி சிதறும். நேராகச் சிதறும் ஒளி அளவைப் பற்றிச் சொல்லும். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளமைப்பைப் பற்றிச் சொல்லும். சாயம் ஏற்றியிருந்தால் அந்தச் சாயத்தின் நிறம், அது எந்த வகை என்று சொல்லும். ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணித் தள்ளிவிடும்.

இந்தக் கருவியின் பிறப்பில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இன்றைக்கு இது ரத்தப் பரிசோதனைக் கருவி என்றுதான் பேர். ஆனால் இதன் மூதாதையர்களில் ஒன்று எண்ணியது ரத்தத்தை அல்ல, காற்றில் மிதக்கும் தூசியை! இரண்டாம் உலகப் போர் நேரத்தில், எதிரி கிருமிகளைக் காற்றில் தூவினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பயம் அமெரிக்க ராணுவத்துக்கு. அதற்காக ஃபிராங்க் கக்கர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு கருவி செய்தார்கள். சுத்தமான காற்று சுற்றிலும் ஓட, நடுவில் சந்தேகத்துக்குரிய காற்று ஓடும். ஒளிக்கு அவர்கள் வைத்தது என்ன தெரியுமா? ஃபோர்டு கார் ஹெட்லைட்! சிதறிய ஒளியைப் பிடிக்க அப்போது புதிதாக வந்திருந்த ஒளிப்பெருக்கிக் குழாய். இந்த வேலை 1947-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அதன் பிறகு வாலஸ் கோல்ட்டர், ரத்த அணுக்களை மின்சாரம் மூலம் எண்ணும் முறைக்கு 1953-ல் காப்புரிமை பெற்றார். 1965-ல் மேக் ஃபுல்வைலர் அணுக்களைப் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பர்க் குழுவினர், சாயத்தின் ஒளிர்வை வைத்துப் பிரிக்கும் கருவியை 1969-ல் வெளியிட்டார்கள். தூசியில் தொடங்கியது ரத்தத்துக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டது. தூசியைப் பொறுத்தவரை சட்டம் தராசோடேயே நின்றுவிட்டது.

எண்ணியதால் பிழைத்தவர்கள்

எண்ணிக்கை என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

அப்போது யாருக்கு மருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய உதவியது ஒரு எண். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் எத்தனை? 200-க்குக் கீழே போனால் மருந்து. அந்த எண்ணைத் தந்தது ஃப்ளோ சைட்டோமெட்ரி. நோயாளிகளே "எனக்கு சி.டி.4 முந்நூறு" என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு அது சாதாரண வார்த்தையாகிப் போனது. (இப்போது எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்று 2017-ல் விதி மாறிவிட்டது. அதுவும் நல்லதுதான்.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நோயாளி மெலிந்துவிட்டார், எடை குறைந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரசாங்கத்தின் மருந்து அலமாரியைத் திறந்தது எடை அல்ல, எண்ணிக்கை. சரியான எண் கையில் இருந்தால் கோரிக்கை உத்தரவாக மாறும். எண் இல்லாத இடத்தில் கோரிக்கை வெறும் புலம்பல்.

அரைவாசியானால் 64 மடங்கு

இனி கஷ்டமான பகுதி. அணுக்களை எண்ணுவது போல மிகச் சிறிய துகள்களையும் சுலபமாக எண்ணிவிடலாமா? முடியாது.

ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகவும் சிறிதாகிவிட்டால் ராலே விதி வந்துவிடும். சிதறும் ஒளி, துகளின் குறுக்களவின் ஆறாவது அடுக்குக்கு ஏற்ப மாறும். குறுக்களவு பாதியானால் ஒளி 64-ல் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கானால் ஒளி பத்து லட்சத்தில் ஒரு பங்கு! கருவியில் வரும் இரைச்சலுக்குள்ளேயே துகள் தொலைந்துபோகும். மத்தியானத் திருவிழாச் சந்தடியில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது மாதிரி.

சாதாரண ஃப்ளோ சைட்டோமீட்டர்கள் சில நூறு நானோமீட்டருக்குக் கீழே தடுமாறுவதற்கு இதுதான் காரணம். (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்.) ஆனாலும் விடாமல் முயன்றவர்களுக்குப் பலன் கிடைத்தது. சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் 1980-களில் இந்தக் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். சுமார் 0.6 மைக்ரான் அளவுள்ள ஒரு பச்சை உயிரி சிக்கியது. புரோகுளோரோகாக்கஸ். 1988-ல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். உலகத்திலேயே எண்ணிக்கையில் மிக அதிகமாக உள்ள ஒளிச்சேர்க்கை உயிரி அதுதான். அதுவரை அது கடலில் இல்லாமல் இல்லை. எண்ணுகிற கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

2014-ல் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் ஷியாவ்மெய் யான் குழுவினர், 24 நானோமீட்டர் சிலிக்கா துகளையும் 7 நானோமீட்டர் தங்கத் துகளையும் சிதறும் ஒளியை மட்டுமே வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு காட்டினார்கள். வழி? மாதிரித் திரவத்தின் ஓட்டத்தை இன்னும் மெல்லியதாக்குவது, துகளை லேசரில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வைப்பது, பின்னணி வெளிச்சத்தைக் குறைப்பது. அவ்வளவும் பொறுமை சார்ந்த வேலைகள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட இரண்டு பாடங்கள் உண்டு. இரண்டும் கும்மிடிப்பூண்டிக்கும் பொருந்தும்.

முதல் பாடம், கூட்டமாக வந்தால் கருவி ஏமாந்துபோகும். பல சின்னத் துகள்கள் ஒரே நேரத்தில் லேசருக்குள் வந்தால் அவற்றை ஒரே பெரிய துகள் என்று எண்ணிவிடும். மாதிரியை நீர்க்க வைத்து, திரும்பத் திரும்பச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, அளவுகோல் எது என்று சொல்லாத அளவு செல்லாது. ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் மணியும், சிலிக்கா மணியும், ரத்தத்தில் மிதக்கும் நுண்குமிழும் ஒரே மாதிரி ஒளியைச் சிதறடிப்பதில்லை. ஒளிவிலகல் எண் மாறினால் கருவி காட்டும் அளவும் மாறும். எந்த மணியை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று 2020-ல் ஆராய்ச்சியாளர்களே கூடி விதிமுறை வகுத்தார்கள். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்கும் காற்றுத் தர மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்களும், அதே மாதிரி மீட்டரைக் காட்டி "எங்கள் ஆலையில் ஒன்றுமில்லை" என்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உலையில் என்ன நடக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பலவகை ஆலைகள் இருக்கின்றன. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் தொழில் அங்கே முக்கியமான ஒன்று. பழைய இரும்பு என்றால் சுத்த இரும்பாகவா வரும்? பெயின்ட் அடித்தது வரும், துத்தநாகம் பூசிய தகரம் வரும். இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி மேலே வந்து, காற்றோடு சேர்ந்து, குளிர்ந்து, துத்தநாக ஆக்சைடுப் புகையாகிறது. இப்படி ஆவியில் இருந்து பிறக்கும் துகள்கள் பிறக்கும்போதே மிகச் சிறியவை. அரைத்து வரும் தூசி ஒருநாளும் அவ்வளவு சிறிதாக வராது. வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு வரும் உலோகப் புகைக் காய்ச்சல் இந்த மாதிரிப் புகையால் வருவதுதான்.

கொஞ்சம் தெற்கே வந்தால் அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையங்கள், நிலக்கரிச் சாம்பல். ஊருக்கு நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள். கிழக்கே பழவேற்காடு, கடல் உப்பு. எல்லாம் கலந்துதான் அந்தக் காற்று.

தொழிற்பேட்டை எங்கே இருந்தாலும் ஒரு வழக்கு உண்டு. ஊர்க்காரர்கள் சொல்வார்கள், "ராத்திரியில் வடிகட்டியை நிறுத்திவிட்டுப் புகையை விடுகிறார்கள் சார்." ஆலைக்காரர்கள் சொல்வார்கள், "எங்கள் அளவுகள் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன." அதிகாரி வருவார், மாதிரி எடுப்பார், போய்விடுவார். இரு தரப்பும் நம்புவது அவரவர் மூக்கையும் அவரவர் நோட்டையும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு இருபது நிமிடம் வரும் மீநுண் புகை, 24 மணி நேர எடைச் சராசரியில் எங்கே தெரியப் போகிறது? அதற்கு எடையே இல்லையே!

நிமிடத்துக்கு நிமிடம் எண்ணும் கருவி ஒன்றும், பக்கத்திலேயே காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றும் இருந்தால் இந்தச் சண்டை பெருமளவு தீர்ந்துவிடும். எண்ணிக்கை திடீரென்று ஏறிய நிமிடம் எது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்தால் போதும். சிப்காட் பக்கமிருந்தா, நெடுஞ்சாலைப் பக்கமிருந்தா என்று தெரிந்துவிடும். ஒழுங்காக வடிகட்டி போட்டு ஓட்டும் ஆலைக்காரருக்கும் இது லாபம்தான். பக்கத்து ஆலையின் பாவத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

காற்றில் எண்ணும் கருவி புதிதும் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1880-களிலேயே தூசியை எண்ணிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத துகளின் மேல் நீராவியைப் படிய வைத்தால் அது நீர்த்துளியாக வளரும். வளர்ந்த துளியை எண்ணிக்கொள்ளலாம். அதே தந்திரத்தை, பெரும்பாலும் பியூட்டனால் ஆவியை வைத்து, இன்றைய துகள் எண்ணிகள் செய்கின்றன. வளர்ந்த துளிகள் வரிசையில் வந்து ஒளிக்கதிரைக் கடக்கும். கக்கரின் ஹெட்லைட் கருவிக்கு இது பெரியப்பா பிள்ளை முறை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த புதிய காற்றுத் தரச் சட்டத்தில், குறிப்பிட்ட நிலையங்களில் மீநுண் துகள்களை எண்ணியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டது. இந்தியத் தர அளவில் எண்ணிக்கைக்கு இடமே இல்லை. 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் இருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி இல்லை. அந்தத் திட்டமும் பெரும்பாலும் பி.எம். 10-ஐ வைத்துத்தான் மார்க் போடுகிறது. செலவில் சுமார் 64 சதவீதம் சாலைத் தூசியைக் குறைக்கவே போனது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் சொன்னது. பூசணிக்காயை அகற்றினால் தராசு இறங்கத்தான் செய்யும். கடுகு அப்படியே இருக்கும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

இப்படிக் கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

1) "எண்ணிக்கை மட்டும் தெரிந்து என்ன பயன்? உப்பா, கரியா, துத்தநாகமா என்று தெரியாதே?" சரியான கேள்வி. அதனால்தான் எண்ணிக்கை உயரும் நேரத்தில் வடிதாளில் மாதிரி பிடித்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சாம்பல் உருண்டை உருண்டையாகத் தெரியும். என்ன தனிமம் என்பதையும் அதே கருவியில் பார்த்துவிடலாம்.

2) "வடிதாளைத் தண்ணீரில் அலசி ஃப்ளோ சைட்டோமீட்டரில் போட்டால் என்ன?" போடலாம், ஆனால் ஜாக்கிரதை. உப்பு கரைந்துவிடும். நுண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் எத்தனை இருந்தன என்பதற்கு அது நல்ல சாட்சி அல்ல. அதன் பலம் தண்ணீரிலும் உடம்பிலும்தான். துகளை விழுங்கிய அணு, பக்கவாட்டில் அதிக ஒளியைச் சிதறடிக்கும். இதை வைத்து எந்த அணு எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று ஒப்பிட முடியும். பழவேற்காடு ஏரித் தண்ணீரில் உள்ள நுண்பாசிகளை வருடம் முழுக்க எண்ணிவந்தால், ஏரியின் ஆரோக்கியம் எப்படி மாறுகிறது என்று மீன் குறைவதற்கு முன்பே சொல்லலாம்.

3) "செலவு?" உண்டு. தராசு வைப்பதைவிட அதிகம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் நிலையத்தில் ஒன்று, காற்று அடிக்கும் திசையில் இன்னொன்று என்று இரண்டு வைத்தால் ஆரம்பிக்கலாம்.

4) "சட்டத்தில் வரம்பு இல்லாதபோது எண்ணி என்ன செய்ய?" இது கோழியா முட்டையா கேள்வி. எண் இல்லாமல் வரம்பு வராது. வரம்பு இல்லை என்று எண்ணாமல் இருந்தால் எண்ணும் வராது. ஐரோப்பாவும் மீநுண் துகளுக்கு வரம்பு போடவில்லை. முதலில் எண்ணுங்கள் என்றுதான் சட்டம் போட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மூன்று காரியங்கள் போதும்.

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் எடையோடு எண்ணிக்கையையும் அளந்து, எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்பதோடு, நிமிட வாரியாக இணையத்தில் வெளியிட வேண்டும். சராசரியை மட்டும் போட்டால் ராத்திரி இரண்டு மணி மறைந்துவிடும்.

திருவள்ளூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ரயிலில் போய்வரும் தூரம். உலை அருகில் வேலை செய்கிறவர்களின் மூச்சுத் திறனையும் துகள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு நீண்டகால ஆய்வை இவர்கள் சேர்ந்து நடத்த வேண்டும். இந்தத் தொழிலாளர்களில் பலர் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு வருடம் உலையில் நின்றுவிட்டு ஊருக்குப் போன பிறகு இருமினால், அந்த இருமல் எந்த மாவட்டத்தின் கணக்கிலும் வராது.

மூன்றாவது, கல்லூரி மாணவர்களுக்கு. எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிறவர்கள் ஏராளம். பழவேற்காட்டுத் தண்ணீரும் கும்மிடிப்பூண்டிக் காற்றும் பக்கத்தில்தான் இருக்கின்றன. எண்ணிவிட்டு, எண்ணியதை ஊர்க்காரர்களுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுத்தால், அதைவிட நல்ல புராஜெக்ட் ஏது?

பெல்ஜியத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் ஒன்றைக் கண்டார்கள். தாய் சுவாசித்த காற்றில் இருந்த கரித்துகள், நஞ்சுக்கொடியில், அதுவும் குழந்தை இருக்கும் பக்கத்தில், இருந்தது. அதைக் கண்டதும் ஒளியை வைத்து எண்ணித்தான். தராசில் வைத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள். சமையலறையில் இந்தப் பழமொழியைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதையே சட்டப் புத்தகத்திலும் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு குழந்தை ஒரு மூச்சில் எத்தனை துகள்களை உள்ளே இழுக்கிறது? ஹெட்லைட்டை வைத்தே எண்ண ஆரம்பித்த உலகத்தில், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது கருவிப் பஞ்சம் அல்ல. மனப் பஞ்சம்.